இன்ஜின் மாறினால் வண்டி மாறுமா?

ஆரணி வழியாக ஓடும் கமண்டல நாகநதி ஜவ்வாது மலையில் பிறந்து படவேட்டைத் தொட்டுக்கொண்டு வருகிறது. ஓடும் என்பதுகூட ஒரு மரியாதைக்குச் சொல்வதுதான். கோடையில் மணல்தான் கிடக்கும். பட்டுக்கும் அரிசி ஆலைகளுக்கும் பேர்போன ஆரணி, ஆடி பிறந்துவிட்டால் படவேட்டுப் பக்கம் திரும்பிக்கொள்ளும். அங்கே ரேணுகாம்பாள் கோயில் கருவறையில் வழிபாடு அம்மனின் சிரசுக்கு. முழு உருவம் இல்லாமல் தலை மட்டும் ஏன் என்று கேட்டால், அந்த வட்டாரத்தில் சின்னப் பிள்ளையும் ஒரு கதை சொல்லும்.

ஜமதக்னி முனிவரின் மனைவி ரேணுகை. சுடாத மண்ணில் குடம் வனைந்து அதிலேயே ஆற்று நீர் மொண்டு வருவாள். ஒருநாள் நீரில் கந்தர்வன் ஒருவனின் நிழல் தெரிந்தது, மனம் ஒரு கணம் சலித்தது, குடம் கரைந்துபோயிற்று. முனிவருக்குக் கோபம். தாயின் தலையை வெட்டச் சொல்லி மகன் பரசுராமனை ஏவினார். அவனும் வெட்டினான். குறுக்கே வந்த இன்னொரு பெண்ணின் தலையும் சேர்ந்து விழுந்தது. அவள் ஒடுக்கப்பட்ட சாதிக்காரி என்பது பல வடிவங்களுக்குப் பொது. தந்தை வரம் தந்தபோது மகன் கேட்டது தாயின் உயிரை. அவசர அவசரமாகத் தலைகளை எடுத்து வைத்தவன் மாற்றி வைத்துவிட்டான். இரண்டு பெண்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தி மாரியம்மன் ஆனாள், மற்றவள் எல்லையம்மன் ஆனாள்.

மகாபாரதத்தின் வனபர்வத்தில் வெட்டு உண்டு, உயிர்த்தெழலும் உண்டு, தலைமாற்றம் கிடையாது. அது தெற்கே சேர்ந்த சரக்கு. சோனரா என்ற பிரெஞ்சுக்காரர் 1782-இல் வெளியிட்ட தன் பயண நூலில் இதை எழுதிவைத்தார். அது ஜெர்மனிக்குப் போய் கெதேயின் ‘பரியா’ கவிதைகளுக்குக் கருவாயிற்று. இதற்கு ஒன்றுவிட்ட உறவான கதையொன்று வேதாளத்திடமும் இருக்கிறது: கணவன் தலை வேறொருவன் உடலில், அவன் தலை கணவன் உடலில்; இதில் யார் கணவன்? விக்கிரமாதித்தன் தயங்கவே இல்லை. தலை யாருடையதோ அவன்தான் என்றான். எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்று நம் ஊர்ப் பாட்டிகள் சொல்வதும் அதே தீர்ப்புதான். படவேட்டுக் கருவறையும் அதே கட்சி.

ஆனால் தமிழ்நாட்டிலேயே எதிர்க்கட்சிச் சாட்சியும் இருக்கிறது. பெரியபுராணம் சொல்லும் திருமூலர் வரலாற்றில், கயிலையிலிருந்து வந்த சிவயோகி ஒருவர் சாத்தனூரில் மேய்ப்பன் மூலன் இறந்துகிடப்பதையும் பசுக்கள் அவனைச் சுற்றிக் கதறுவதையும் காண்கிறார். தன் உடலைப் பத்திரமாக ஒரு பக்கம் வைத்துவிட்டு மூலனின் உடலுக்குள் நுழைகிறார். பசுக்கள் துள்ளிக் குதித்து வீடு திரும்புகின்றன; அவற்றுக்கு மூலன் வந்துவிட்டான், அவ்வளவுதான். மூலனின் மனைவிக்கு அப்படி இல்லை. நெருங்கினாள், அவர் விலகினார். ஊர்ப் பெரியவர்கள் வந்து பார்த்து, இவர் நம் ஆள் இல்லை, இனி உன் உறவுக்குத் திரும்ப மாட்டார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். திரும்பி வந்து தேடியபோது பழைய உடல் காணாமற்போயிருந்தது. சின்ன பாடியில் பெரிய இன்ஜின் இறங்கிவிட்டது, கழற்ற வழியில்லை. ஆரணி இருக்கும் அதே திருவண்ணாமலை மாவட்டத்தில், அருணாசலேசுவரர் கோயிலின் கிளி கோபுரமும் இதே வகைச் சங்கதிதான். அருணகிரிநாதர் கிளியின் உடலில் புகுந்தார், அதற்குள் அவர் உடலை எரித்துவிட்டார்கள், கிளியாகவே நின்றுவிட்டார் என்பது அந்தக் கோபுரத்தைச் சுற்றி நிலவும் நம்பிக்கை.

பசுக்கள் உடலைப் பார்த்தன. மனைவி நடத்தையைப் பார்த்தாள். வேதாளத்துக்கு விடை சொன்னவன் தலையைப் பார்த்தான். எந்தப் பாகத்தில் ‘அவர்’ இருக்கிறார் என்பதுதான் மூன்றுபேருக்கும் கேள்வி. பாகங்கள் சேர்ந்த இடத்தை யாரும் பார்க்கவில்லை. பரசுராமன் வைத்த தலை எப்படி ஒட்டியது, கழுத்து எதைத் தாங்கியது, எதை விட்டுக்கொடுத்தது என்று கதையில் ஒரு சொல் இல்லை. தெய்வ காரியத்துக்கு அது தேவைப்படாமல் இருக்கலாம். பட்டறையில் தேவைப்படும்.

பட்டறையில் இந்தக் கேள்விக்கு நாற்பது ஐம்பது வருட வரலாறு உண்டு. ‘பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை, டீசல் இன்ஜின் இறக்கிடுங்க’ என்று அம்பாசடரைக் கொண்டுவந்து விட்டவர்கள் தமிழ்நாட்டின் எல்லா ஊரிலும் இருந்தார்கள். கம்பெனியே அதைத்தான் செய்தது. 1950-களின் பிரிட்டிஷ் வார்ப்பான 1489 சிசி இன்ஜினை வைத்துப் பல்லாண்டு ஓட்டிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், 1990-களின் தொடக்கத்தில் அதே அம்பாசடர் உடலுக்குள் ஜப்பானின் இசுசு வடிவமைத்த 1.8 லிட்டர் இன்ஜினை வைத்தது. காண்டஸா கதையும் அதுதான்: 1984-இல் கனத்த உடலும் மெலிந்த 1.5 லிட்டருமாகப் பிறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த கார், இசுசு இன்ஜின் வந்த பிறகுதான் எழுந்து ஓடியது.

தலைகீழ் உதாரணமும் சென்னைக்கு அருகிலேயே நடந்தது. பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1985-இல் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்று ஒரு காரைக் கொண்டுவந்தது. உடல் பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1. அங்கே அந்த உடலுக்குள் 3.5 லிட்டர் வி8 இன்ஜின் ஓடியது. இங்கே அதற்குள் வைத்தது பழைய வான்கார்டு காரின் இரண்டு லிட்டர் நாலு சிலிண்டர். பார்க்கச் சிங்கம், ஏற்றத்தில் தெரியும் சமாசாரம். மூன்று வருடத்தில் நின்றுபோயிற்று.

அந்த ரோவர் வி8 போன வேறொரு வீடுதான் இந்தப் பேச்சுக்கு முக்கியம். 1962-இல் பிறந்த எம்.ஜி.பி. என்ற குட்டி ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜின் 1798 சிசி. அம்பாசடரின் இன்ஜினுக்குக் கூடப்பிறந்த அண்ணன் என்றே சொல்லலாம், இரண்டும் பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் ‘பி சீரிஸ்’ குடும்பம். கென் காஸ்டெல்லோ என்ற பிரிட்டிஷ் பந்தயக்காரர் அதைக் கழற்றிவிட்டு 3528 சிசி ரோவர் வி8-ஐ இறக்கி விற்கத் தொடங்கினார். இரும்பு வார்ப்பான நாலு சிலிண்டரோடு ஒப்பிட்டால் அலுமினிய வி8 பெரிதாக எடை கூடவில்லை என்பதுதான் அவருக்கு வாய்த்த அதிர்ஷ்டம். கம்பெனி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, 1973-இல் தானே அதைச் செய்தது. 1976 வரை 2,591 வண்டிகள். பிறகும் உலகம் முழுக்கச் சொந்தப் பட்டறைகளில் இந்த மாற்றம் நடந்துகொண்டே இருக்கிறது. அதைச் செய்கிறவர்கள் மணிக்கணக்கில் விவாதிக்கும் விஷயம் இன்ஜின் அல்ல. அது முடிவான சங்கதி. விவாதம் மவுண்டிங் பற்றி.

மவுண்டிங் என்பது பார்க்க ஒன்றுமில்லாத பொருள். உள்ளங்கையில் அடங்கும். இரண்டு இரும்புத் தகடு, நடுவில் தகட்டோடு உருக்கி ஒட்டிய ரப்பர், இரு பக்கமும் ஒவ்வொரு போல்ட் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் இன்ஜினோடு, மறுபக்கம் சேஸிஸோடு. இன்ஜினும் சேஸிஸும் எங்கேயும் இரும்போடு இரும்பாகத் தொட்டுக்கொள்வதில்லை. அவற்றின் உறவு முழுக்க அந்த விரற்கடை ரப்பரில்தான். ஐடிலில் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடி நடுங்கி எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறதா, கியர் கம்பி தானாக ஆடுகிறதா, நல்ல மெக்கானிக் பானெட்டைத் திறந்து முதலில் பார்ப்பது இதைத்தான். ஒருவரை உள்ளே உட்காரவைத்து, பிரேக்கை அழுத்தி, கிளட்சைக் கொஞ்சம் விட்டு ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொல்வார். இன்ஜின் ஒரு பக்கமாகத் தூக்கும். இரண்டு தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் ரப்பர் கிழிந்துவிட்டது. ஆயில் கசிந்து ஊறிய ரப்பர் கிழியாமலும் கெடும். உப்பி, கொழகொழத்து, எதையும் பிடிக்காது.

பெரிய இன்ஜின் வரும்போது இந்தச் சின்னப் பொருளிடம் முரணான இரண்டு வேலைகள் போய்ச் சேர்கின்றன. 700 சுற்றில் ஐடிலில் நிற்கும் நாலு சிலிண்டர் இன்ஜின் நொடிக்குச் சுமார் 23 தடவை வெடிக்கிறது. அதே சுற்றில் வி8 நொடிக்கு 46, 47 தடவை. அதிர்வு விரைவாக வந்தால் மென்மையான ரப்பர் அதைச் சுலபமாக விழுங்கிவிடும். அந்தக் கணக்கில் பெரிய இன்ஜின் சாது. ஆனால் முதல் கியரில் எடுக்கும்போது அது யாரென்று தெரியும். எம்.ஜி.பி. வி8-இன் முறுக்குவிசை சுமார் 260 நியூட்டன் மீட்டர். முதல் கியர் அதை மூன்று மடங்குக்கு மேல் பெருக்குகிறது. சக்கரத்தை நோக்கிப் போகும் அந்த 800 சொச்சமும், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்து எதிர்ப்பக்கம் உருட்டப் பார்க்கும். தாங்க வேண்டியது மவுண்டிங்தான். நடுக்கத்தை விழுங்க மென்மையாக இரு என்பது ஒரு கட்டளை. உருளலைத் தாங்கக் கெட்டியாக இரு என்பது இன்னொன்று.

தேர்வுகள் இங்கேதான் பிரிகின்றன. ஒரிஜினல் ரப்பரே போதும் என்பவர்கள் உண்டு. ஆனால் அந்த ரப்பர் வேறொரு எடைக்கும் வேறொரு முறுக்கலுக்கும் வார்த்தது. பாலியூரித்தேன் கெட்டி, ஆயிலுக்கு அசையாது; பதிலுக்கு ஸ்டியரிங்கிலும் சீட்டிலும் இன்ஜினின் ஒவ்வொரு துடிப்பும் வந்து சேரும். ரப்பரே வேண்டாம், இரும்போடு இரும்பாகப் பூட்டிவிடுவோம் என்பது டிராக் பந்தயக்காரர்களின் வழி. கால் மைல் ஓட்டத்துக்கு அது சரி. ரோட்டில் ஓட்டினால் நட்டு ஒவ்வொன்றாகக் கழன்றுவரும், பிராக்கெட் விரிசல் விடும், சில சமயம் இன்ஜின் பிளாக்கின் காதே உடையும்.

இடமும் ஒரு பிரச்சினை. வி8 அகலமானது, சைலன்சர் குழாய் ஸ்டியரிங் தண்டில் இடிக்கும். மவுண்டிங்கைச் சற்று உயர்த்தினால் பானெட் மூடாது, தாழ்த்தினால் ஆயில் சம்ப் குறுக்குச் சட்டத்தில் இடிக்கும், பின்னால் தள்ளினால் புரொப்பல்லர் ஷாஃப்டின் கோணம் கெட்டு வேறொரு அதிர்வு முளைக்கும். 1964-இல் சன்பீம் ஆல்பைன் உடலுக்குள் ஃபோர்டு வி8-ஐத் திணித்து ‘டைகர்’ என்று விற்றார்கள். இடம் அவ்வளவு நெருக்கம். ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற, இன்ஜினுக்கும் உள்ளே உட்காருகிறவர்களுக்கும் நடுவிலுள்ள தடுப்பில் ஓட்டை போட்டு ரப்பர் மூடி வைத்திருந்தார்கள்.

இந்த ரப்பர் எப்போதும் இருந்ததல்ல. தொடக்கக் காலக் கார்களில் பெரும்பாலும் இன்ஜின் சட்டத்தோடு இறுகப் பூட்டியே இருந்தது. பல்லும் சேர்ந்து ஆடியது. கிறைஸ்லர் 1931-இல் பிளிமத் காரில் ‘மிதக்கும் இன்ஜின்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது: முன்னால் உயரத்தில் ஒரு தாங்கல், பின்னால் தாழ்வில் ஒரு தாங்கல், இரண்டையும் இணைக்கும் கோடு இன்ஜினின் எடை மையம் வழியாகப் போகும். இன்ஜின் தான் உருள விரும்பும் அச்சிலேயே உருளட்டும், அதைத் தடுப்பானேன் என்ற யோசனை. சிட்ரோயன் அதற்கு உரிமம் வாங்கி, நீந்தும் அன்னப்பறவையை விளம்பரச் சின்னமாக வைத்தது. அடக்குவதற்குப் பதில் அசைய ஒரு வழியைத் தந்து அசைவைக் கட்டுக்குள் வைத்தார்கள். பொறியியலில் இவ்வளவு பக்குவமான முடிவுகள் அடிக்கடி வருவதில்லை.

இணைப்பு கெட்டால் என்ன ஆகும் என்பதற்கும் பெரிய அளவில் ஒரு சாட்சி இருக்கிறது. 1971 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் அமெரிக்காவில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட செவ்ரோலே வண்டிகளைத் திரும்ப அழைத்தது. காரணம் மவுண்டிங் ரப்பர். அது கிழிந்ததும் இன்ஜின் ஒரு பக்கம் தூக்கியது. தூக்கும்போது ஆக்ஸிலேட்டர் இணைப்பையும் சேர்த்து இழுத்தது. கால் எடுத்த பிறகும் வண்டி பாய்ந்தது. இன்ஜினில் குறை இல்லை, சேஸிஸில் குறை இல்லை. எல்லாப் பாகமும் நல்ல நிலையில். வண்டிதான் இல்லை.

இதை நம் தர்க்க நூல்கள் வேறு மொழியில் பேசியிருக்கின்றன. ஆரணிக்காரர்கள் பெருமைப்படலாம்: நியாய, வைசேஷிக தத்துவங்களின் ஆஸ்தான உதாரணம் துணிதான். அன்னம்பட்டர் 17-ஆம் நூற்றாண்டில் எழுதிய தர்க்க சங்கிரகம் ஒரு துணிக்கு மூன்று வகைக் காரணம் சொல்கிறது. நூல்கள் சமவாயி காரணம். துணி அவற்றில்தான் குடியிருக்கிறது. நூல்கள் ஒன்றோடொன்று சேர்ந்த சேர்க்கை அசமவாயி காரணம். நாடாவும் தறியும் நிமித்த காரணம். நடுவில் நிற்பதுதான் கூர்மையானது. நூல் அத்தனையும் அப்படியே இருக்க, சேர்க்கை மட்டும் குலைந்தாலும் துணி அழிந்தது என்பது அவர்கள் கணக்கு. செவ்ரோலே வழக்கில் ஆஜராகியிருந்தால் அன்னம்பட்டர் ஒரே வாக்கியத்தில் வாதத்தை முடித்திருப்பார்.

அதே நையாயிகர்களிடம் இன்னொரு கண்டிப்பும் உண்டு. ஒரு துணியிலிருந்து ஒரு நூலை உருவினாலும் பழைய துணி போய்விட்டது, இப்போது இருப்பது புதுத்துணி என்பார்கள். ‘அதே துணிதானே’ என்று நமக்குத் தோன்றுவது ஒற்றுமையால் வரும் தோற்றம். இந்த அளவுகோலில் இன்ஜின் மாற்றிய வண்டி மட்டுமல்ல, ஸ்பார்க் பிளக் மாற்றிய வண்டியும் புதுவண்டி. பௌத்தர் அந்தப் பக்கத்துக்கே போக விடமாட்டார். மிலிந்தன் என்ற கிரேக்க வழி அரசனிடம் நாகசேனர் ஒவ்வொன்றாகக் கேட்டது பிரசித்தம்: அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? எதுவும் இல்லை, தேர் என்பது ஒரு வழக்குப் பெயர். கிரேக்கர்களும், பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிய தீசியஸின் கப்பலை வைத்து இதே இடத்தைச் சுற்றினார்கள். நாகசேனரின் வாதத்தை மறுப்பது கடினம். ஆனால் பாகங்களைக் கழற்றி அடுக்கிவிட்டு அவர் கேட்கிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். கழற்றிய பின் இருக்காதது சேர்க்கை மட்டும்தான். அதை அவர் பட்டியலில் ஒரு பாகமாகத் தேடியதால் கிடைக்கவில்லை.

நீதிமன்றம் ஒன்று இதே கேள்வியைப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின்மேல் விசாரித்திருக்கிறது. பென்ட்லியின் ‘ஓல்டு நம்பர் ஒன்’ 1929-இலும் 1930-இலும் லெ மான்ஸ் 24 மணிப் பந்தயத்தை வென்ற கார். பிறகு அதைப் பிரித்தார்கள், மாற்றினார்கள், 1932-இல் ஆறரை லிட்டருக்குப் பதில் எட்டு லிட்டர் இன்ஜின் வைத்தார்கள். அவ்வருடமே புரூக்லாண்ட்ஸ் ஓடுதளத்தில் அதை ஓட்டிய கிளைவ் டன்ஃபீ விபத்தில் இறந்தார். உடைந்ததை மீண்டும் கட்டினார்கள். 1990-இல் அதைச் சுமார் ஒரு கோடி பவுண்டுக்கு விற்க ஒப்பந்தமாயிற்று. வாங்க வந்த நிறுவனம் பின்வாங்கியது: 1929-இன் பாகம் இதில் என்ன இருக்கிறது, இது அந்தக் கார் அல்ல என்றது. நீதிபதி ஆட்டன் விற்றவர் பக்கம் தீர்ப்பளித்தார். பாகங்கள் போயிருக்கலாம்; ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக, இடையில் அறுபடாமல், அதே காராகவே அது மாறிவந்திருக்கிறது; வேறு எந்தக் காரும் அந்தப் பெயருக்கு உரிமை கோரவில்லை. நியாய சாஸ்திரம் ஏற்காத தீர்ப்பு. புத்திக்கு உகந்த தீர்ப்பு. ஏற்றிய ஒவ்வொரு பாகமும் அப்போதிருந்த முழுமையோடு பொருந்தி ஓடியது என்பதே அதன் உட்பொருள்.

நம் ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு இவ்வளவு பொறுமை கிடையாது. ஆர்.சி. புத்தகத்தில் இரண்டு எண் இருக்கும், சேஸிஸ் எண், இன்ஜின் எண். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்களிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதைக் கறாராகவே உறுதி செய்தது. பழுதான இன்ஜினுக்குப் பதில் அதே வகை இன்ஜின் வைத்து, பதிவில் ஏற்றிக்கொள்ளலாம். வண்டி அடையாளம் இழக்காது. ஆக, படவேட்டில் ஆளைத் தீர்மானிப்பது தலை. பதிவு அலுவலகத்தில் உடல். 2021-இல் வந்த விண்டேஜ் வாகன விதி இன்னும் ஒருபடி மேலே: 50 வருடம் தாண்டிய வண்டி, சேஸிஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவில் இருந்தால்தான் அந்தத் தகுதி. காஸ்டெல்லோ கை வைத்த வண்டிக்கு இங்கே விண்டேஜ் எண் கிடைப்பது சந்தேகம். பாதுகாப்பை நினைத்தால் 52-ஆம் பிரிவில் நியாயம் இருக்கிறது. யார் யாரோ பற்றவைத்த பிராக்கெட்டில் 200 கிலோ இன்ஜின் தொங்கும் வண்டிக்குப் பின்னால் பைக் ஓட்டிப் போகிறவரும் ஒரு குடிமகன்தானே.

இரண்டை ஒன்றாக்குவதில் எவ்வளவு தூரம் போகலாம்? 1967 ஜூனில் ஹாலந்தின் சான்ட்வூர்ட்டில் லோட்டஸ் 49 என்ற பந்தயக் கார் அறிமுகமான பந்தயத்திலேயே ஜிம் கிளார்க் ஓட்டி வென்றது. அதில் மவுண்டிங் தேர்வு என்ற பேச்சுக்கே இடமில்லை. காஸ்வொர்த் வி8 இன்ஜின் டிரைவர் கூண்டின் முதுகில் நேராகப் பூட்டியிருந்தது. பின்சக்கர சஸ்பென்ஷன் இன்ஜினிலேயே பூட்டியிருந்தது. இன்ஜினைக் கழற்றினால் காருக்குப் பின்பாதி கிடையாது. இன்ஜின்தான் உடல். பந்தயத்துக்கு அது புரட்சி. வீட்டுக்குக் காய்கறி வாங்கிவர உதவாது.

சைவ சித்தாந்தம் உயிருக்கும் இறைவனுக்கும் உள்ள உறவை ஒன்றாய், வேறாய், உடனாய் என்று மூன்று நிலையில் சொல்லும். இரண்டும் ஒன்றே என்று மடக்கிவிடுவதில்லை. இரண்டும் தனித்தனி என்று பிரித்துவிடுவதுமில்லை. மெய்கண்டாரின் 13-ஆம் நூற்றாண்டுச் சிவஞானபோதத்தைச் சுற்றி உரைகாரர்கள் தலைமுறை தலைமுறையாக இதைத்தான் விளக்கினார்கள். இரும்போடு இரும்பாகப் பூட்டுவது முழு ஒருமையைக் கோருகிறது. கிழிந்த ரப்பர் முழு வேற்றுமையில் முடிகிறது. ரோட்டில் ஓடும் வண்டி நடுவில் நிற்கும் மூன்றாவது நிலையில் வாழ்கிறது. இந்த ஒப்பீட்டை இதற்குமேல் இழுக்கக் கூடாது. சித்தாந்தத்தில் அந்த உறவு அனாதி. மவுண்டிங்கைச் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஆனால் உறவின் இயல்பைப் பேசாமல் உறவாடும் இரண்டின் இயல்பை மட்டும் பேசினால் கேள்வி தீராது என்பதில் சித்தாந்தியும் மெக்கானிக்கும் ஒரே பக்கம்.

ஆரணியின் தறிகளில் இந்த அறிவு பழையது. காஞ்சிபுரம் பாணிப் பட்டில் உடல் ஒரு நிறம், முந்தி வேறொரு நிறம் என்றால் பாவையே மாற்ற வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் பாவின் இழைகளோடு முந்திக்கான புதிய இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கிறார்கள், ஆயிரக்கணக்கான இழை. சேரும் இடத்தில் சில அங்குலத்துக்கு இரண்டு பாவும் கூடவே ஓடும். பிறகு பழையதை அறுத்துவிடுவார்கள். பெட்னி என்று அதற்குப் பெயர். புடவையைத் திருப்பிப் பிடித்தால் அந்த இடத்தில் நிறம் கலங்கி, விரலுக்குச் சற்றுத் தடிப்பாகத் தட்டும். உடலும் கரையும் வேறு நிறமானால் கோர்வை: மூன்று நாடா, இரண்டு பேர், ஒவ்வொரு ஊடை ஓட்டத்திலும் கரை இழையும் உடல் இழையும் கை கோக்க வேண்டும். நல்ல கோர்வையில் சேலை கிழிந்தாலும் கரை பிரியாது என்பது நெசவாளர் கர்வம். புடவை வாங்கத் தெரிந்த பாட்டிகள் ஜரிகையைப் பார்ப்பதற்கு முன் இந்த இடத்தைத்தான் தடவிப் பார்ப்பார்கள்.

இப்போது அதே தறிகளுக்கு மோட்டார் வருகிறது. அன்னம்பட்டரைக் கேட்டால் கவலைப்பட மாட்டார்: தறி நிமித்த காரணம்தான், துணி பிறந்த பின் தறி எங்கே போனாலும் துணிக்கு ஒன்றுமில்லை. நூலும் சேர்க்கையும் அதுவேயானால் கையால் நெய்தாலும் மின்சாரத்தால் நெய்தாலும் துணி துணிதான். சேர்க்கை அதுவேதானா என்பதுதான் இடறும் இடம். வழக்கமான விசைத்தறி ஒரே அகலத்தில் ஒரே நாடாவை எறிவதற்கானது. கோர்வை அதற்குக் கைவருவதில்லை. குழித்தறியில் நெசவாளர் கால் குழிக்குள், தறியின் கால்கள் மண்ணுக்குள். பலகை அடிக்கும் அதிர்ச்சியைத் தரை வாங்கிக்கொள்கிறது. விசைத்தறி நின்ற வீட்டில் சுவர் அதிரும், பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். இரண்டுக்கும் நடுவில் இப்போது புதிதாக ஒன்று: ஜக்கார்டைத் தூக்கும் மிதியை மட்டும் சின்ன மோட்டார் இழுக்கிறது. முழங்கால் தேய்ந்துபோன நெசவாளருக்கு அது பெரிய உபகாரம். தமிழக அரசின் கைத்தறித் திட்டங்களிலும் அது இடம்பெற்றிருக்கிறது.

1985-இன் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்துக்குக் கைத்தறி என்றால் விசைத்தறி அல்லாத எந்தத் தறியும். கரையும் ஜரிகையும் உள்ள புடவை போன்ற 11 வகைத் துணிகள் கைத்தறிக்கே உரியவை. விசைத்தறியில் நெய்தால் குற்றம். விசைத்தறி முதலாளிகள் எதிர்த்து வழக்காடினார்கள், உச்ச நீதிமன்றம் 1993-இல் சட்டம் செல்லும் என்றது. பின்னாளில், நெசவின் ஒரு கட்டமாவது கையால் நடந்தால் அதையும் கைத்தறி எனக் கொள்ளலாம் என்று ஒரு யோசனை எழுந்தது. விசைத்தறிக்கே கதவைத் திறந்துவிடும் என்று நெசவாளர் அமைப்புகள் எதிர்த்தன. அந்த எதிர்ப்பு சரியானது. ஒரு கட்டமாவது என்று சொல்லிவிட்டால், எந்தக் கட்டம் என்று கேட்க யாரும் மிச்சமிருக்க மாட்டார்கள்; காலையில் சுவிட்ச் போடுவதும் கைதான். மோட்டார் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்பதும் அதே அளவு குருட்டுத்தனம். மோட்டார் தறியோடு எங்கே சேர்கிறது, சேர்ந்த இடத்தில் யாருடைய வேலையை வாங்கிக்கொள்கிறது என்பதல்லவா விஷயம்? மிதியை மோட்டார் இழுக்க, நாடாவை எறிவதும் பலகை அடிப்பதும் கோர்வை கோப்பதும் கையாகவே இருக்கும் ஆரணித் தறியும், நான்கையும் மோட்டாரிடம் விட்டுவிட்டு ஆள் பக்கத்தில் நின்று பார்க்கும் தறியும் ஒரே பெயரில் அடங்குமா என்று கேட்டால், 1985 சட்டத்தின் அந்த வரையறையிடம் பதில் இல்லை.